கத்தத் தெரியாத கணவாய்

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒன்பதாவது கணவாயும் செத்து மிதந்தது.

கம்ப்யூட்டர் விளையாட்டுக்குள் சாகிற கணவாய்க்கு யார் அழப்போகிறார்கள் என்று கேட்கலாம். அந்த அலுவலகத்தில் அதற்கும் ஆள் இருந்தது. இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள், வெளிவராத விளையாட்டுகளைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆடிப் பார்த்து, எங்கே எது உடைகிறது என்று கோடு போட்ட நோட்டில் எழுதிக் கொடுப்பார். அதற்குச் சம்பளம் உண்டு. எல்லாரும் சோதனைக்காரம்மா என்பார்கள். பிள்ளைகளைப் பரீட்சையில் பெயிலாக்கியபோது கலங்காத அந்தக் கண், கணவாய் மேலே மிதந்து வந்ததும் கலங்கிவிட்டது.

"சொல்லாம கொள்ளாம செத்துப்போகுதும்மா. மத்ததெல்லாம் ஒரு வார்த்தை சொல்லிட்டாவது சாகுது. சிங்கத்துக்குப் பசிச்சா மணி அடிக்குது. பென்குயினுக்கு சளி புடிச்சாகூட மணி அடிக்குது. இது நல்லாத்தான் இருந்துச்சு. டீ குடிச்சிட்டு வந்து பாக்குறேன், வயித்தக் காட்டிட்டு மிதக்குது" என்றார்.

அவர் இதைச் சொன்னது எமன் மேடத்திடம். அந்தப் பட்டப்பெயர் மேலாளர் வைத்தது. அவர்கள் செய்கிற விளையாட்டில் ஆடுகிறவர் ஒரு மிருகக்காட்சி சாலை கட்டி நடத்தவேண்டும். அதிலே வருகிற ஒவ்வொரு மிருகத்துக்கும் எப்போது பசிக்கும், எதனால் நோய் வரும், எத்தனை மணி நேரத்தில் உயிர் போகும் என்று விதி எழுதுகிற வேலை அவளுடையது. எட்டு வருஷமாக அந்தப் பெயரைச் சொல்லி அவளும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவளுடைய கணவன் குளியலறையில் வாய் கோணி விழுந்தான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரை அவள் காது கேட்கச் சொல்வதில்லை. சொல்லாமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்து, அவளுக்கு அந்தப் பெயர் முன்னைவிடப் பெரிதாகக் கேட்டது.

"நாலு மணிக்குள்ள காரணம் தெரியணும்" என்றார் மேலாளர், கதவில் சாய்ந்துகொண்டு. "இல்லேன்னா கணவாயத் தூக்கிட்டு ஒரு சுறாவப் போட்டுடலாம். சுறான்னா யாரும் கேள்வி கேக்கமாட்டாங்க." சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வீட்ல எப்படி இருக்காரு?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காரு. சனிக்கிழமையிலேர்ந்து ஒரு இருமல்கூட இல்ல."

அதைச் சொல்லும்போது அவளுக்கே கொஞ்சம் தெம்பு வந்தது. கைபேசியை எடுத்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள். இருமல்: பூஜ்யம்.

அந்தக் கைபேசிக்குள் இருந்த மணியைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவனும் அதே அலுவலகத்தில்தான் இருந்தான். விளையாட்டில் வருகிற சத்தம் முழுக்க அவன் பிடித்ததும் செய்ததும். அடுத்த அறையில் பென்சில் உருண்டால் இந்த அறையில் தலையைத் திருப்புவான் என்பதால் காதுக்காரர் என்று பெயர். முதல் விளையாட்டு செய்த காலத்தில், மிருகத்துக்கு ஆபத்து வந்தால் ஆடுகிறவருக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்று எல்லாரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, அவன்தான் வழி சொன்னான். ஆபத்து வந்தால் மிருகம் கத்தும். அந்தக் கத்தலுக்கென்று ஒரு ஒலிக்கோப்பு இருக்கிறது. அந்தக் கோப்பு ஓடினால் திரையில் மணி அடிக்கட்டும். தனித்தனியாக எதையும் எழுதவேண்டாம். பத்து வரி புரோகிராமில் முடித்துவிட்டான். அன்றைக்கு அத்தனை பேரும் கை தட்டினார்கள். எட்டு வருஷத்தில் நூற்றுப்பதினாறு மிருகங்கள் வந்தாயிற்று, அந்தப் பத்து வரியை ஒருவரும் தொட்டதில்லை.

அவன் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது இடது கைக்கு அசைவு திரும்பியிருந்தது, பேச்சு பாதி திரும்பியிருந்தது, விழுங்குவது மட்டும் சரியாகத் திரும்பவில்லை. தொண்டையில் எது எந்தக் குழாய்க்குப் போகவேண்டும் என்று பிரித்து அனுப்புகிற வேலை தடுமாறியது. சாப்பாட்டைக் கூழாக அரைத்து, தண்ணீரில்கூட ஒரு பொடியைக் கலந்து கெட்டியாக்கித்தான் தரவேண்டும். அப்படியும் புரையேறும். ஒவ்வொரு இருமலுக்கும் அவள் ஓடிப்போய் முதுகைத் தடவுவாள். அவள் வேலைக்குப் போயே ஆகவேண்டும். பகலில் அவனுடைய தங்கை வந்து பார்த்துக்கொள்வாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஒருநாள் அவன் குழறலாகச் சொன்னான், "என் மணிய எடுத்துக்கோயேன்."

எடுத்துக்கொண்டாள். அதே பத்து வரி. கட்டில் பக்கத்தில் ஒரு மைக். அவன் இருமினால் அவள் கைபேசியில் மணி அடிக்கும், நாள் கணக்கும் ஏறும். முதல் வாரம் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது. கூட்டத்தில் உட்கார்ந்திருப்பாள், பையில் மணி அடிக்கும், எழுந்து வெளியே போய் வீட்டுக்குக் கூப்பிடுவாள். பிறகு இருபதானது. பதினொன்று. ஐந்து. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு ஒன்று. அதோடு சரி.

நான்கு நாளாக அவள் மதியச் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டாள். இரண்டு மாதத்தில் முதல் தடவை.

பதினொன்றுக்குக் கொஞ்சம் முன்னால் நாத்தனாரைக் கூப்பிட்டாள்.

"ஒண்ணும் இல்ல அண்ணி, நீங்க வேலையப் பாருங்க" என்றாள் நாத்தனார். எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண். "கிண்ணம் காலி. நேத்துலேர்ந்து பொடியும் போடல, வெறும் தண்ணியே சர்ருனு எறங்குது. நீங்க பயந்த மாதிரி ஒண்ணுமே ஆகல பாத்தீங்களா."

நாத்தனாரிடம் பொடியை நிறுத்தச் சொன்னது அவள்தான். ஞாயிற்றுக்கிழமை அவன் கெஞ்சினான். ஒரு வாய், ஒரே ஒரு வாய் சாதாரணத் தண்ணீர், கோந்து மாதிரி இல்லாமல். கொடுத்தாள். இருமவில்லை. இன்னொரு வாய் கொடுத்தாள். அவன் கண்ணை மூடிக் குடித்ததைப் பார்த்து அழுகை வந்தது. இருமல்தான் இல்லையே, பிறகு எதற்குப் பொடி என்று செவ்வாய்க்கிழமை அந்த டப்பாவை அலமாரிக்குள் தள்ளிவிட்டாள். விழுங்கப் பயிற்சி தர வருகிற பெண் வியாழக்கிழமை வருவாள், அவளிடம் பெருமையாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தாள்.

"என்ன பண்றாரு?"

"தூங்குறாரு. வெறும் தண்ணி குடிச்ச சந்தோஷமோ என்னமோ, காலையிலேர்ந்து ஒரே தூக்கம்."

சரி என்று வைத்துவிட்டுக் கணவாயிடம் வந்தாள்.

ராட்சதக் கணவாய் என்பது உலகத்தில் எந்த மிருகக்காட்சி சாலையும் இதுவரை உயிரோடு வைத்துக் காட்டாத பிராணி. அதைத்தான் விளையாட்டில் காட்டப்போகிறோம் என்று மேலாளர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவள் மூன்று மாதம் அதைப் பற்றிப் படித்து, ஒன்று விடாமல் விதியாக எழுதியிருந்தாள். வெளிச்சம் எட்டாத ஆழத்தில் குளிர்ந்த தண்ணீரில் இருப்பது. சாப்பாட்டுத் தட்டு அளவுக்குக் கண். எட்டுக் கை, அது போக எட்டிப் பிடிக்க இரண்டு நீளக் கொடி. மூன்று இதயம். சதையில் உப்புநீரைவிட லேசான அமோனியாக் கரைசல் ஊறியிருப்பதால் தம் கட்டி நீந்தாமலே மிதக்கும், செத்தால் மேலேயும் வந்துவிடும். எல்லாவற்றையும்விட விநோதம், அதன் மூளை வளையமாக இருக்கிறது, உணவுக்குழாய் அந்த வளையத்துக்கு நடுவே புகுந்து போகிறது. பெரிய கவளமாக விழுங்கினால் மூளைக்கே ஆபத்து. அதனால் அலகால் வெட்டி, நாக்கிலுள்ள அரத்தால் ராவி, துணுக்குத் துணுக்காகத்தான் உள்ளே அனுப்பும். அதை எழுதிய வாரத்தில் அவளுடைய கணவன் நல்ல உடம்போடு இருந்தான். "பாவம், ஒவ்வொரு வாயும் தலைக்குள்ள போய்த்தான் எறங்கணுமா?" என்று கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

முதலில் தீனியைத்தான் சந்தேகப்பட்டாள். இல்லை, சோதனைக்காரம்மா கவளத்தை விரல்நுனி அளவுக்கே நறுக்கிப் போட்டிருந்தார். நோய் இல்லை. சண்டை இல்லை. கடைசியில், விளையாட்டு ஓடும்போது உள்ளுக்குள் எழுதி வைக்கிற பதிவைத் திறந்து, அந்தக் கணவாயின் வாழ்க்கையை மணிவாரியாகப் படித்தாள்.

மூச்சு நூறு. ஒரு மணி நேரம் கழித்து மூச்சு தொண்ணூற்றொன்பது. அடுத்து தொண்ணூற்றெட்டு.

தொட்டியின் தண்ணீர் பதினான்கு டிகிரியில் இருந்தது. சோதனைக்காரம்மா அதை மாற்றவில்லை, கடல்சிங்கத்துக்கு வைத்ததை அப்படியே விட்டிருந்தார். கணவாயின் ரத்தம் நீலம், செம்பு கலந்தது. குளிரில்தான் அது ஒழுங்காகக் காற்றைச் சுமக்கும், வெதுவெதுப்பில் கைவிட்டுவிடும். இந்த விதியை எழுதியது அவளே. குளிர் குறைந்த தண்ணீரில் மணிக்கு ஒரு மூச்சு குறையும். நூறாவது மணியில் தீர்ந்தது. ஒன்பது கணவாயும் சரியாக நூறாவது மணியில் செத்திருந்தன.

அப்படியானால் மணி ஏன் அடிக்கவில்லை?

இருபது மூச்சுக்குக் கீழே போனால் கத்தவேண்டும் என்று எழுதியிருந்தாள். பதிவில் அதுவும் இருந்தது. எண்பத்தோராவது மணியிலிருந்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு வரி. கத்து. கோப்பு இல்லை. கத்து. கோப்பு இல்லை. கத்து. கோப்பு இல்லை.

கணவாய்க்குக் குரல் கிடையாது. அதனால் அதற்கு ஒலிக்கோப்பு யாரும் செய்யவில்லை. கோப்பு ஓடாததால் மணி அடிக்கவில்லை. விளையாட்டுக் கணக்கில் இருபது மணி நேரம் அது மூச்சுக்குத் தவித்திருக்கிறது, திரையில் எல்லாம் அமைதியாக இருந்திருக்கிறது, அந்த அமைதியைப் பார்த்து சோதனைக்காரம்மா டீ குடிக்கப் போயிருக்கிறார்.

காரணம் கிடைத்த சந்தோஷத்தில் அவள் மேலாளரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது.

காதுக்காரரின் பத்து வரி. கத்தினால்தான் மணி.

மேஜையில் கைபேசி கிடந்தது. இருமல்: பூஜ்யம்.

பயிற்சி தருகிற பெண் முதல் நாள் வந்தபோது இருபது விஷயம் சொன்னாள். நேராக உட்கார வை, தலையைக் குனியச் சொல், பேச்சுக் கொடுக்காதே. அவற்றுக்கு நடுவே ஒன்று சொன்னாள். அன்றைக்கு அது அவள் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. "இருமல் வருதேன்னு பயப்படாதீங்கக்கா. இருமல் நம்ம பக்கத்து ஆளு. தப்பா எறங்குனதை வெளிய தள்ளுறதே அதுதான். சில பேருக்கு தொண்டை மரத்துப்போயி இருமலே வராது. அதுதான் பயம்."

சனிக்கிழமை எட்டு மணி. அவளுக்கே தெரியாமல் விரல் கணக்குப் போட்டது. ஞாயிறு எட்டுக்கு இருபத்துநாலு. திங்கள் நாற்பத்தெட்டு. செவ்வாய் எழுபத்திரண்டு. இன்றைக்குக் காலை எட்டுக்குத் தொண்ணூற்றாறு. சுவரில் மணி பதினொன்று இருபது. பன்னிரண்டு அடித்தால் நூறு.

இது விளையாட்டு, அது மனுஷன், இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கணவாய்க்கு நூறு என்று வைத்தது கணக்குக்குச் சுலபமாக இருக்கட்டும் என்றுதான். தெரிந்து என்ன, பயம் கணக்குப் பார்த்தா வருகிறது? நாத்தனாரை மறுபடி கூப்பிட்டாள்.

"என்ன அண்ணி, இப்பத்தானே பேசுனீங்க."

"அவர எழுப்பு."

"தூங்கட்டுமே அண்ணி, பாவம்."

"எழுப்பு."

போகிற சத்தம் கேட்டது. அண்ணே, அண்ணே என்று கூப்பிடுவது கேட்டது. பதிலுக்கு ஏதோ முனகல்.

"முழிக்கிறாரு, மறுபடி கண்ண மூடிக்கிறாரு. உடம்பு லேசா சுடுது அண்ணி. குளிருதுன்னாரு, போர்வை போத்திவிட்டேன்."

"எப்பலேர்ந்து சுடுது?"

"காலையில கொஞ்சம் இருந்துச்சு. இருமல் சளி ஏதாவது இருந்தா உங்ககிட்ட சொல்லியிருப்பேன். அதான் ஒண்ணும் இல்லையே."

"போர்வைய எடு. நெஞ்சப் பாரு. எத்தனை தடவை ஏறி எறங்குதுன்னு எண்ணு. நான் நேரம் பாக்குறேன்."

"என்னத்துக்கு அண்ணி, பயமுறுத்துறீங்க."

"எண்ணுடி."

எட்டு வருஷத்தில் நாத்தனாரை அவள் டி போட்டுப் பேசியதில்லை. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மெல்லிய குரலில் எண்ண ஆரம்பித்தாள். இந்தப் பக்கம் அவள் சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல உடம்புக்கு நிமிஷத்துக்குப் பதினைந்து, மிஞ்சிப்போனால் இருபது. பாதி நிமிஷம்கூட ஆகவில்லை, பதினாறு, பதினேழு என்று போய்க்கொண்டிருந்தது. எண்ணுகிறவளுக்கும் புரிந்துவிட்டது, குரல் உடைய ஆரம்பித்தது. இருபத்தெட்டு. இருபத்தொன்பது.

"முப்பத்தெட்டு" என்றாள் நாத்தனார், அழுதுகொண்டே. "அண்ணி, உதடு ஒரு மாதிரி நெறம் மாறியிருக்கு. நான் கவனிக்கவே இல்ல. சத்தமே போடலியே அண்ணி, ஒரு சத்தம்கூடப் போடலியே."

"தலகாணிய முட்டுக்குடுத்து நிமுத்தி உக்கார வை. வாயில ஒரு சொட்டு தண்ணிகூட ஊத்தாத. நான் ஆம்புலன்ஸுக்குச் சொல்றேன். வாசக் கதவத் திறந்து வச்சிடு."

ஆம்புலன்ஸுக்கு விலாசம் சொன்னபோது வீட்டு எண்ணை மாற்றிச் சொல்லி, திருத்தி, மறுபடி சொன்னாள். பையை எடுக்கவில்லை. படியில் இறங்கியபோது மேலாளர் பின்னாலேயே வந்து எதுவும் கேட்காமல் காரை எடுத்தார். வழியெல்லாம் அவள் கைபேசியைக் காதில் அழுத்திப் பிடித்திருந்தாள். நாத்தனார் எண்ணிக்கொண்டே இருந்தாள், எண்ணுவதை நிறுத்தக்கூடாது என்று இவள் சொல்லியிருந்தாள். சிக்னலில் கார் நின்றபோது காரிலிருந்த கடிகாரம் பன்னிரண்டு காட்டியது. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம், இருபத்திரண்டு, இருபத்துமூன்று. எண்ணிக்கை நிற்கவில்லை. கண்ணைத் திறந்தபோது பன்னிரண்டு ஒன்று. வாழ்க்கையில் எந்த எண்ணையும் அவள் அப்படி நேசித்ததில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். வலது நுரையீரலின் அடிப்பாகம் வெள்ளையாக இருந்தது.

"சாப்பிட்டது, குடிச்சது கொஞ்சம் கொஞ்சமா உள்ள எறங்கியிருக்கு. தொண்டையில உணர்ச்சி மங்கிப்போச்சு, தப்பா எறங்குறதே அவருக்குத் தெரியல. நீங்க எப்படிக் கண்டுபுடிச்சீங்க? இருமலே இல்லேங்கிறீங்க. பொதுவா ரொம்ப லேட்டாத்தான் கொண்டு வருவாங்க."

அவள் என்ன சொல்வாள்? ஒரு கணவாய் செத்துப்போச்சு டாக்டர் என்றா? "மூச்ச எண்ணிப் பாத்தோம்" என்றாள். "பொடிய நிறுத்துனது நான்தான்" என்று அதையும் சொன்னாள். யாராவது திட்டினால் தேவலை போலிருந்தது. டாக்டர் திட்டவில்லை. இரண்டு நாள் போகட்டும், மருந்து கேட்கிறதா பார்க்கலாம் என்றார்.

மூன்றரை மணிக்கு மேலாளர் தயங்கித் தயங்கிக் கூப்பிட்டார். கணவாயைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டார், கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அதுக்குக் குரல் இல்ல சார், அதனால மணி அடிக்கல. பொய்யா ஒரு சத்தம் செஞ்சு சேக்காதீங்க. மூச்சு கொறையக் கொறைய தோல் செவப்பு மங்கி வெளுக்குற மாதிரி வையுங்க. ஆடுறவங்க தொட்டிக்கிட்ட போயி நின்னு பாத்தாத்தான் தெரியணும்."

"மணி இல்லாம எப்படி பாப்பாங்க?"

"பாக்கத்தான் வேணும்."

சாயங்காலம் அவனுடைய காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. மூக்கும் வாயும் மூடிய முகமூடிக்குள்ளிருந்து கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல முயன்றான், அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். நாத்தனார் கட்டில் காலடியில் சுருண்டு உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள். அவளுடைய உதடு தூக்கத்திலும் அசைந்துகொண்டிருந்தது.

பணிமாறி வந்த நர்ஸ், அவன் விரலில் மாட்டியிருந்த கிளிப்பைச் சரிசெய்து, தலைமாட்டுத் திரையைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். நல்ல மனுஷி. இரண்டு பேரின் முகத்தையும் பார்த்துவிட்டு, அவளுடைய தோளைத் தொட்டார்.

"நீங்க வீட்டுக்குப் போயி கொஞ்சம் படுத்துட்டு வாங்கம்மா. பயமே வேணாம். எது ஆனாலும் மெஷினு கத்தும், மணி அடிச்சா நாங்க ஓடி வந்துருவோம்."

சரி என்று அவள் தலையை ஆட்டினாள். நர்ஸ் போன பிறகு நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போர்வையை விலக்கி, கையை அவன் நெஞ்சின்மேல் வைத்து, சுவர்க்கடிகாரத்தின் விநாடி முள் பன்னிரண்டுக்கு வரும்வரை காத்திருந்தாள். ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினாள், இருபத்தொன்பது வந்தது. முள் மறுபடி பன்னிரண்டைத் தொட்டதும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.